முன்பல் பிரிவில் ஓர் இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது தன் இருப்பைத் தெரிவித்துக்கொள்கிறது. உன் உடம்பு எப்படி? போனில் கேட்டால் "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பதோடு முடித்துவிடுகிறாய். வீடியோவில் வரச் சொன்னால் கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். சரிசெய்யக் கூடாதா?

போனில் பேச முடியாததால்தான் மெயிலில் இந்தக் கடிதம். நாம் பேச ஆரம்பித்தாலே அம்மா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நீ தும்மினால் எனக்கு முன்னால் அவள் மருந்து சொல்கிறாள். இனி வேலை விஷயமெல்லாம் நமக்குள் கடிதமாகவே இருக்கட்டும்.

எங்கள் பல் லேபில் முதலாளி புது மெஷின் இறக்கிவிட்டார். கம்ப்யூட்டரில் அளவைக் கொடுத்தால் பல்லுக்கான கேப்பை அதுவே குடைந்தெடுத்துத் தட்டில் வைத்துவிடுகிறது. கடைவாய்ப் பல் செய்துகொண்டிருந்த இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. முன்பல்லுக்கு இன்னும் கையால்தான் பீங்கான் பூச வேண்டும் என்பதால் நான் தப்பித்தேன். "உன் கைவேலைய எந்த மெஷினாலயும் செய்ய முடியாதும்மா" என்கிறார். சொல்லும்போது கண் என்னவோ அடுத்த மெஷினின் விலைப்பட்டியலில்தான் இருக்கிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நீ இருக்கும் ஊருக்கே வருகிறேன். விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் லேப் ஏதாவது கிடைத்தால் போதும். நீ போய் ஆறு வருஷமாகிறது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் அம்மாவுக்கும் நிம்மதி. அவளை மாமா பார்த்துக்கொள்வார், கீழ்வீடுதானே. நீ சொல்வாயே, அந்த வேலை தேடும் இணையதளத்தில் நானும் ப்ரொஃபைல் திறந்துவிட்டேன். பார்த்துச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்குக் குளித்தால் உடனே துவட்டு (இது அம்மா சொல்லச் சொன்னது).

உன்,
சுண்டெலி


பிப்ரவரி 15

அன்புள்ள சுண்டெலிக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள், நீ கேட்காதே.

உன் ப்ரொஃபைலைப் பார்த்தேன். "பேரார்வமும் துடிப்பும் கொண்ட பன்முக ஆளுமை" என்று தலைப்பில் போட்டிருக்கிறாயே, நீ பல் செய்கிறாயா, தேர்தலில் நிற்கிறாயா? அதைத் தூக்கிப்போடு. "முன்பல் செராமிக் டெக்னீஷியன்" என்று போடு, போதும். தேடுகிறவன் வேலையின் பெயரைத்தான் தட்டுவான், உன் துடிப்பைத் தட்ட மாட்டான்.

நீ செய்த பற்களைப் படமெடுத்துப் போடு. ஜன்னல் வெளிச்சத்தில் எடு, ட்யூப்லைட்டில் பீங்கான் பிணம் மாதிரி தெரியும். எச்.ஆர். ஆட்களுக்கு மனு போட்டுக்கொண்டிருக்காதே. அவர்களுக்கு நம் வேலை தெரியாது. லேபில் மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைத் தேடித் தொடர்புகொள். முதல் நாளே வேலை கேட்காமல், அவர்கள் போட்டிருக்கும் பல்லைப் பற்றி ஒரு கேள்வி கேள். எந்தத் தொழிலாளிக்கும் அது பிடிக்கும். ‘விசா உண்டு’ என்று விளம்பரத்தில் எழுதிவிட்டால் உண்டு என்று அர்த்தமில்லை. ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இங்குள்ள அரசாங்கமே வெளியிடுகிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மனுப் போடு. வேலைக்கு முன்னால் பணம் கேட்கிறவனுக்குப் பதிலே எழுதாதே.

என் ஊர்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதே. எந்த ஊரில் கிடைத்தாலும் வா.

கடிதத்தில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை. என் போன் சின்னது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் நடக்கிறது. அம்மாவின் திட்டும் நடக்கிறது.

நீ சொன்னபடியே செய்தேன். படம் போட்டதும் எங்கிருந்தெல்லாமோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரிதான், "ரொம்ப நல்லா இருக்கு" என்கிறார்கள், பிறகு ஆளைக் காணோம். நாலைந்து இடத்திலிருந்து பதில் வந்தது. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: தற்போது விசா ஸ்பான்சர் செய்வதில்லை. ஒருவன் மட்டும் பார்த்தவுடனே வேலை உறுதி என்றான், கூடவே பணமும் கேட்டான். பதிலே எழுதவில்லை.

நேற்று அந்தத் தளமே எனக்குச் சொன்னது: உன் அக்கா இந்த நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளை நிறைவு செய்கிறார், வாழ்த்துச் சொல் என்று. உடனே பொத்தானை அழுத்திவிட்டேன். அம்மாவிடம் காட்டினேன், அவளுக்கு அவ்வளவு பெருமை. உன்னிடமிருந்துதான் ஒரு நன்றிகூட இல்லை. பெரிய ஆளாகிவிட்டாய்.

ஒன்று கேட்கிறேன். நல்ல வேலையில் உட்கார்ந்திருக்கும் உனக்கு, எவன் விசா தருவான், எவன் தரமாட்டான் என்பதெல்லாம் எப்படி இவ்வளவு அத்துப்படி? நீதான் வேலை தேடுகிறவள் போல் எழுதுகிறாய்.

உன் முகத்தைப் பார்த்து நாளாயிற்று.

சுண்டெலி


மார்ச் 26

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. என்னோடு தங்கியிருக்கும் நர்ஸம்மா சொட்டு மருந்து விடுகிறாள். பயப்பட ஒன்றுமில்லை, அம்மாவிடம் சொல்லாதே.

வாழ்த்துக்கு நன்றி.

பதில் வராததற்கெல்லாம் மனம் தளராதே. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அடிக்கிற கைதான் கொஞ்சம் வலிக்கும்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. உட்கார்ந்துகொண்டு படி. உன் லேபிலேயே இடம் விழுந்திருக்கிறது! முன்பல் பிரிவு, செராமிக், விசா ஸ்பான்சர் உண்டு. உரிமப் பட்டியலிலும் பார்த்துவிட்டேன், பெயர் இருக்கிறது. இதைவிடக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வருமா? உன் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், நீ மூச்சுக்கூட விடவில்லையே! எனக்குத் திடீரென்று சொல்லி அதிரவைக்கலாம் என்று இருந்தாயா?

இன்றே மனுப் போட்டுவிட்டேன். நீ செய்ய வேண்டியது இரண்டுதான். தளத்தில் எனக்கு ஒரு சிபாரிசு எழுது. உன் மேலாளர், அதுதான் அந்த உம்மணாமூஞ்சி, அவரிடம் என் தங்கை என்று ஒரு வார்த்தை சொல். ஆறு வருஷம் அங்கே உழைத்தவள் நீ. உன் பேச்சுக்கு மதிப்பில்லாமலா போகும்?

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி, துடைத்து, வெயிலில் வைத்துவிட்டாள். "உங்க அக்காவும் நீயும் ஒரே மேசையில உக்காந்து வேலை செய்யுறதைக் கேட்டாலே போதும்டி" என்கிறாள். ஒரே மேசை என்று நான் சொல்லவில்லை, அவளாகப் போட்டுக்கொண்ட மேசை.

உடனே பதில் எழுது. உடனே.

உன் சுண்டெலி


ஏப்ரல் 13

அக்கா,

நலமா? என்ன ஆயிற்று? போனையும் எடுக்கவில்லை. சிபாரிசும் வரவில்லை. வரும் புதன்கிழமை முதல் நேர்காணல் வைத்திருக்கிறார்கள். உன் தங்கை என்று நானே சொல்லிவிடட்டுமா?

சுண்டெலி


ஏப்ரல் 14

சுண்டெலிக்கு,

நலம். என் தங்கை என்று சொல்லாதே. நான் சிபாரிசு எழுதுவதாக இல்லை. காரணம் கேட்காதே.

செய்முறைத் தேர்வு வைப்பார்கள். வீடியோவைத் திறந்துவைத்து, ஒரு மேல்வரிசை முன்பல்லைக் கட்டச் சொல்வார்கள். ஓரத்தில் கண்ணாடி போன்ற பீங்கானை மெல்லிசாக வை. நீ எப்போதும் தாராளமாக வைத்துவிடுவாய். பல்லின் நிறத்துக்கு ஷேட் பார்க்கும்போது முதலில் தோன்றியதை நம்பு. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஏமாற்றிவிடும். நடுவில் எதையாவது நீல நிறமாகப் பார்த்துவிட்டு மறுபடி பல்லைப் பார். மேலாளர் பேசாமல் இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவர் சுபாவம் அப்படி.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

நேர்காணலில் தேறிவிட்டேன். செய்முறைத் தேர்வு அடுத்த வாரம். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை.

யார் யாரோ முகம் தெரியாதவர்கள் எனக்குச் சிபாரிசு எழுதினார்கள். பெற்ற தாயின் வயிற்றில் எனக்கு முன்னால் பிறந்தவளுக்கு நாலு வரி எழுதக் கை வரவில்லை. தங்கை என்று சொல்லக்கூட உனக்கு வெட்கமாக இருக்கிறது. பீங்கானில் பல் செய்யக் கற்றுக்கொடுத்தவளே நீதானே? நான் வந்தால் உனக்கு இடைஞ்சல் என்றால் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆறு வருஷம் தனியாக இருந்து பழகிவிட்டாய், நடுவில் நான் எதற்கு?

இந்த வேலை கிடைத்தாலும் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன். உன் வாசலுக்கு வரமாட்டேன்.

அம்மாவிடம் நீ வேலை மும்முரத்தில் இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் பெட்டியில் உனக்கு இரண்டு புடவை மடித்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சாப்பிட்டாயா?

தேர்வு முடிந்தது. பல்லைக் கட்டி வீடியோவில் காட்டினேன். உம்மணாமூஞ்சி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் முதல்முறையாக வாயைத் திறந்து பேசினார். "ஓரத்தில் பீங்கானை இவ்வளவு மெல்லிதாக வைப்பவர் இங்கே ஒருவர் இருந்தார். அவருடைய இடத்துக்குத்தான் உங்களைப் பார்க்கிறோம். நல்ல கை. கண்தான் கைவிட்டுவிட்டது. நிறம் பிரித்தறிய முடியாமல் போய் ஜனவரியில் அனுப்ப வேண்டியதாயிற்று" என்றார். பிறகு, விசா எத்தனை வாரத்தில் கிடைக்கும், எப்போது வர முடியும் என்று என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஜனவரியில். நான் உனக்கு வாழ்த்துப் பொத்தானை அழுத்தியது மார்ச்சில்.

போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் நினைத்தால் இந்தக் கையை எங்கேயாவது இடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

வேலை எனக்குத்தான் என்று இன்று எழுதிவிட்டார்கள். உன் இடத்தில் நான் எப்படி உட்காருவேன்? வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன். நீ ஒரு வார்த்தை சொல்.

சுண்டெலி


மே 10

என் கண்ணே சுண்டெலி,

சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு. அழுதது போதும்.

இனி மறைத்து என்ன பயன்? கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது. முதலில் போனது நிறம். ஷேட் அட்டையில் சிவப்புச் சாயும் ஏ வரிசைக்கும் சாம்பல் சாயும் சி வரிசைக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. மூன்று பல் திரும்பி வந்தது. மூன்றாவது ஒரு கல்யாணப் பெண்ணுடையது. கண்ணாடியைப் பார்த்து அவள் அழுதாளாம். மேலாளர் நல்லவர்தான், கத்தவில்லை. அவர் போகச் சொன்னபோது எனக்கும் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அந்தப் பெயரோடு நான் உனக்குச் சிபாரிசு எழுதியிருந்தால், உன் கண்ணையும் சேர்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

விசா அந்த லேபோடு கட்டியது. வேறு லேப் ஸ்பான்சர் செய்தால்தான் இருக்க முடியும். பிளாஸ்டர் அறை, மெழுகு வேலை என்று நிறம் வேண்டாத வேலைக்கெல்லாம் மனுப் போட்டேன். உனக்குச் சொன்ன யுக்தியெல்லாம் அப்படிக் கற்றதுதான். ஆனால் தளத்தில் வேலை போய்விட்டது என்று மாற்றினால் அது முதலில் உனக்குத்தான் தகவல் அனுப்பும். அதனால் பழைய வேலையிலேயே இருப்பது போல் விட்டுவைத்தேன். பார்த்தவர்கள், இவள் நல்ல இடத்தில் இருக்கிறாள், இவளுக்கு எதற்குப் பிளாஸ்டர் அறை என்று நகர்ந்துவிட்டார்கள். உன் வாழ்த்து வந்த நேரத்தில் நான் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து போனை மூக்குக்கருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகையும் வந்தது.

நீ அந்த வேலைக்கு மனுப் போட்டதாக எழுதியபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. உன்மேல் பொறாமைப்பட்டேன். பதில் எழுதாமல் இருந்தது அதனால்தான். பிறகு யோசித்தேன். யாரோ ஒருத்தி அங்கே உட்காரத்தான் போகிறாள். அவள் நீயாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வேண்டாம் என்று எழுதினாயானால் உன்னோடு நான் பேசவே மாட்டேன். நாட்டை விட்டுப் போக எனக்குக் கொடுத்த கெடு ஜூன் கடைசியோடு முடிகிறது. உன் விசா அதற்குள் வராது. நீ இறங்கும்போது நான் இருக்கமாட்டேன். அறையை நர்ஸம்மா உனக்காக வைத்திருப்பாள். அம்மாவுக்கு நான் வந்தபிறகு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நிறம்தான் போயிருக்கிறது. மற்றதெல்லாம் தெரிகிறது.

உன் அக்கா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, நீ இருவரும் நலமா? நான் நலம் என்று எழுத ஆசைதான். உனக்காக எழுத்தை நன்றாகப் பெரிதாக்கியிருக்கிறேன். மெதுவாகப் படி.

நீ வீடு வந்து சேர்ந்த சில நாளிலேயே என்னை விமானம் ஏற்றிவிட்டாயே, இன்னும் ஒரு வாரமாவது உன்னோடு இருந்திருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். முட்டாள்தனம்தான். உன் அறையில்தான் இருக்கிறேன். கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது. நர்ஸம்மா என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

வேலையில் போன வாரம் ஒரு பல் திரும்பி வந்தது. என் கண்ணில் கோளாறில்லை, கை பதறியதுதான். உம்மணாமூஞ்சி ஒன்றும் சொல்லாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை. கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். நாள் முழுவதும் யாரோடும் ஒரு வார்த்தை நம் மொழியில் பேசுவதில்லை. அறைக்கு வந்து சுவரிடம் பேசுகிறேன். நீ இதில் ஆறு வருஷம் இருந்தாய், குத்துக்கல்லாட்டம் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டு.

அக்கா, நான் திரும்பி வந்துவிடட்டுமா? உன்னோடு இருக்கத்தானே இங்கே வர ஆசைப்பட்டேன். நீ அங்கே இருக்கும்போது எனக்கு இங்கே என்ன வேலை? ஒரு வார்த்தை எழுது, கிளம்பிவிடுகிறேன்.

சுண்டெலி


செப்டம்பர் 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

அக்கா சொல்ல அம்மா எழுதுவது. இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் தேவலை. போனில் கடிதத்தைப் படித்துக்காட்டும் அந்த மெஷின் குரல் கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வது போல் இருப்பதால், அம்மாவையே படிக்கச் சொன்னேன். என் கண் தேறி வருகிறது. புது மருந்து ஒத்துக்கொள்கிறது. இன்று காலை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன், எதிர்வீட்டுக் கொடியில் மஞ்சள் போர்வையும் இரண்டு பள்ளிக்கூடச் சட்டையும் காய்ந்தன. மேலாளர் உன் வேலையைப் பாராட்டினார் என்று கேட்டுச் சந்தோஷம். அவர் வாயிலிருந்து அது வருவது லேசில்லை. அறை சௌகரியமாக இருக்கிறது என்பதிலும் சந்தோஷம். சிநேகிதிகளோடு ஊர் சுற்று, ஆனால் வேளைக்குத் தூங்கு. அன்புடன், அக்கா.

இனிமேல் எழுதுவது நான். அவள் குளிக்கப் போயிருக்கிறாள். சுவரைத் தடவிக்கொண்டு தானே போவாள், கை கொடுத்தால் கோபம் வரும். போனில் எழுத எனக்கு வராது, அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். போனில் பேசினால் அவளுக்குக் கேட்டுவிடும்.

கண் தேறவில்லை. போன மாதத்திலிருந்து வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான். காலையில் என்னைக் கூப்பிட்டு, எதிர்வீட்டுக் கொடியில் என்னம்மா காயுது என்று கேட்டாள். சொன்னேன். எதற்குக் கேட்கிறாள் என்று அப்போது புரியவில்லை. உனக்கு எழுதச் சொன்னபோதுதான் புரிந்தது.

உன் கடிதத்தில் நீ அழுததை நான் படிக்கவில்லை. திரும்பி வந்த பல்லையும் படிக்கவில்லை. மேலாளர் பாராட்டினார் என்று நானாகச் சேர்த்தேன். சிநேகிதிகளும் நான் சேர்த்ததுதான். கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தாள். "அந்த ஆளா பாராட்டினாரு? அப்போ என்னைவிட நல்லா செய்யுறா" என்றாள். அப்புறம் அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். மத்தியானம் மாமா வந்தார். அவரிடம், "என் இடத்துல என் தங்கச்சி உக்காந்திருக்கா மாமா, என்னைவிட நல்லா செய்யுறாளாம்" என்று அவளே எடுத்துச் சொன்னாள். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறாள். வேறு எதையும் பேசுவதில்லை.

திரும்பி வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அதையும் நான் படிக்கவில்லை. பெற்ற வயிறு, வா என்றுதான் சொல்கிறது. நீ வந்துவிட்டால் அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதனால் வராதே, கண்ணு. என்னைக் கல்மனசுக்காரி என்று திட்டிக்கொள், பரவாயில்லை. அழ வேண்டியிருந்தால் தனித்தாளில் எழுது, நான் மட்டும் படித்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

கதவு திறக்கிறது. பேனா ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. "இன்னுமா எழுதுறே?" என்கிறாள். முகவரிதான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா